அலமீடாவின் 6,928 பேர்

நீண்ட நாள் வாழ என்ன செய்யலாம் என்று வார இதழ்கள் அவ்வப்போது ஒரு பட்டியல் போடும். புகைக்காதே. குடித்தால் அளவோடு குடி. ஏழெட்டு மணி நேரம் தூங்கு. உடம்பை அசை. எடையைக் கட்டுக்குள் வை. காலைச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. இடையில் கொறிக்காதே. பாட்டி வைத்தியம் போல ஊர்பேர் தெரியாமல் உலவும் இந்த ஏழுக்கும் பிறந்த ஊர் ஒன்று உண்டு: கலிஃபோர்னியா மாநிலத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் அலமீடா கவுண்டி. அங்கே 1965இல் தொடங்கிய ஓர் ஆய்வு இந்தப் பட்டியலை உலகத்துக்குக் கொடுத்தது. பிறகு அதே ஆய்வு, அதே மனிதர்களை வைத்தே, பட்டியல் போதாது என்றும் காட்டியது. முதல் பாதிதான் ஊரெல்லாம் பரவியிருக்கிறது. இரண்டாம் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். அலமீடாவில் மேற்கே கடலோரத்தில் ஓக்லாந்து துறைமுகம். வடக்கே பெர்க்லி பல்கலைக்கழகம். ஊரின் முதுகுப்புறம் வசதியானவர்களின் வீடுகள் ஏறி நிற்கும் குன்றுகள். குன்றுகளுக்கு அப்பால் அணு ஆயுத ஆய்வகமும் திராட்சைத் தோட்டங்களும் உள்ள லிவர்மோர் பள்ளத்தாக்கு. தெற்கே, 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை வந்திறங்கிய ஃப்ரீமாண்ட். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்காகத் தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்கள் மேற்கு ஓக்லாந்தில் நிலைத்திருந்தன. பேராசிரியரும் துறைமுகச் சுமைத் தொழிலாளியும் ஒரே நிர்வாக எல்லைக்குள். ஒரு நாட்டின் பல வகை மனிதர்களை ஒரே இடத்தில் பார்க்க விரும்பும் ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேண்டியதில்லை.

அந்த ஆய்வாளர் லெஸ்டர் பிரெஸ்லோ. கலிஃபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையில் இருந்தார். காச நோயும் போலியோவும் பின்வாங்கிய பிறகு மக்களைக் கொன்றுகொண்டிருந்தவை மாரடைப்பும் புற்றுநோயும். அவற்றுக்கு நுண்ணோக்கியில் காட்ட ஒரு கிருமி இல்லை. உலகச் சுகாதார நிறுவனமோ, நோயின்மை மட்டும் ஆரோக்கியம் ஆகாது, உடலும் மனமும் சமூக வாழ்வும் நலமாக இருப்பதே ஆரோக்கியம் என்று தன் சாசனத்தில் எழுதி வைத்திருந்தது. சொல்வதற்கு அழகாக இருக்கிறது, இதை எப்படி அளப்பது? அந்தக் கேள்விக்காகவே 1959இல் மாநிலத் துறைக்குள் மனித மக்கள்தொகை ஆய்வகம் என்ற ஒன்று உருவானது.

அந்நாளில் இத்தகைய ஆய்வுகளில் புகழ்பெற்றது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்காம் ஊரில் 1948இல் தொடங்கியது. அங்கே ரத்தம் எடுத்தார்கள், அழுத்தம் பார்த்தார்கள், இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்கள். அலமீடாவில் ஊசியே கிடையாது, ஒரு வினாத்தாள்தான். எவ்வளவு தூங்குகிறீர்கள், என்ன வேலை, எத்தனை நெருங்கிய நண்பர்கள், உறவினர்களை எத்தனை முறை பார்க்கிறீர்கள், மாடிப்படி ஏறச் சிரமமா, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா. இப்படிக் கேட்டால் யார் உண்மை சொல்வார்கள் என்று பலர் ஐயப்பட்டிருப்பார்கள். ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 86 சதவீதம் பேர் பூர்த்தி செய்து கொடுத்தார்கள். 6,928 பேர். இன்றைய ஆய்வாளர்கள் பெருமூச்சு விடும் எண்ணிக்கை. அதன் பிறகு 1974, 1983, 1994, 1995, 1999 என்று மறுபடி மறுபடி அதே ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டார்கள். நடுவில் யார் இறந்தார்கள், எதனால் இறந்தார்கள் என்பதை இறப்புப் பதிவுகளிலிருந்து எடுத்தார்கள்.

இந்தக் காத்திருப்பில்தான் விஷயம் இருக்கிறது. நோய் வந்தவரிடம் போய் முன்பு எப்படி வாழ்ந்தீர்கள் என்று கேட்டால், நோய் நினைவையும் சேர்த்தே குழப்பிவிடும். நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிட்டு, காலம் யாரை என்ன செய்கிறது என்று பார்ப்பது வேறு வகை. பதில் எழுதியவருக்குத் தன் முடிவு தெரியாது, கேட்டவருக்கும் தெரியாது.

முதலில் வந்தது பழக்கங்களின் கணக்கு. நெட்ரா பெல்லாக்கும் பிரெஸ்லோவும் ஏழு பழக்கங்களுக்கும் தலா ஒரு மதிப்பெண் போட்டுக் கூட்டினார்கள். 1972இல் வந்த முதல் கட்டுரையே திகைக்க வைத்தது. ஏழையும் கடைப்பிடித்த 75 வயதுக்கு மேற்பட்டவர்களின் உடல்நிலை, மூன்றைக்கூடக் கடைப்பிடிக்காத 35 முதல் 44 வயதுக்காரர்களின் உடல்நிலைக்குச் சமமாக இருந்தது. அடுத்த ஆண்டு பெல்லாக் இறப்புகளைக் கணக்கெடுத்தார். 45 வயது ஆண் ஒருவருக்கு மூன்று பழக்கங்களோ அதற்கும் குறைவோ இருந்தால், சராசரியாக 67 வயதுவரை வாழலாம். ஆறோ ஏழோ இருந்தால் 78. பதினொரு ஆண்டு வித்தியாசம். பெண்களுக்கு ஏழு ஆண்டு. அந்தக் காலத்தில் எந்த மருந்தும் நடுவயது மனிதருக்கு இத்தனை ஆண்டுகளை வாங்கித் தரவில்லை.

பட்டியல் காட்டுத்தீயாகப் பரவியதற்கு அதன் எளிமை ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு என்று நினைக்கிறேன்: அது யாருக்கும் செலவு வைக்கவில்லை. அரசு எதையும் கட்ட வேண்டாம், முதலாளி எதையும் மாற்ற வேண்டாம். உன் உயிர் உன் கையில் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பிரெஸ்லோ அப்படி நினைத்தவர் இல்லை. வாழ்நாள் முழுக்கப் பொதுச் சுகாதாரத்துக்காக வாதாடியவர். ரொனால்ட் ரீகன் ஆளுநராக வந்த பின் மாநிலச் சுகாதாரத் துறைத் தலைமையை விட்டு, 1968இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2012இல் இறக்கும்போது அவருக்கு 97 வயது. ஒருவரின் ஆயுள் எதற்கும் சான்று ஆகாது என்று அவரே முதலில் சொல்லியிருப்பார்.

பட்டியலை மற்றவர்கள் பிரித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். 1982இல் டெபோரா விங்கார்டும் சக ஆய்வாளர்களும் ஏழு பழக்கங்களையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறதா என்று சோதித்தார்கள். ஐந்து நின்றன. காலை உணவும் கொறிக்காமையும் விழுந்தன. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். தினமும் உட்கார்ந்து காலையில் சாப்பிடுபவர் பெரும்பாலும் புகைக்காதவர், நேரத்துக்குத் தூங்குபவர், வாழ்க்கை ஓர் ஒழுங்கில் ஓடுபவர். அந்த மற்றவற்றின் பலனைக் காலை உணவு தன் பேரில் எழுதிக்கொண்டிருந்தது. இது நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நம் இதழ்களின் பட்டியலில் இன்னும் ஏழு பழக்கங்கள்தான்.

காலை உணவு பற்றி அதே கவுண்டியில் வேறொரு பார்வையும் இருந்தது. வினாத்தாள் போன அடுத்த ஆண்டு, 1966இல், கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சி ஓக்லாந்தில் தொடங்கப்பட்டது. 1969 ஜனவரியில் அவர்கள் மேற்கு ஓக்லாந்தின் புனித அகஸ்டின் தேவாலயத்தில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு கொடுக்க ஆரம்பித்தார்கள். பசியோடு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு அது பழக்கத்தின் குறையாகத் தெரிந்திருக்காது. வினாத்தாளில் ‘காலையில் சாப்பிடுவதில்லை’ என்ற ஒரே பதிலுக்குள் அவசரக்கார அதிகாரியும் இருந்தார், அடுப்பு மூட்ட வழியில்லாத வீடும் இருந்தது. எண்ணாக மாறும்போது இரண்டும் ஒன்றாகிவிடும்.

அடுத்த திருப்பம் பெர்க்லியிலிருந்து வந்தது. அங்கே சமூக நோய்ப்பரவலியல் கற்பித்த லியனார்ட் சைம், தன் மாணவர் மைக்கேல் மார்மட்டோடு வளைகுடாப் பகுதியில் குடியேறிய ஜப்பானியர்களை ஆராய்ந்து 1976இல் ஒரு முடிவை வெளியிட்டிருந்தார். ஜப்பானியச் சமூகப் பிணைப்புகளை விடாமல் வாழ்ந்தவர்களுக்கு மாரடைப்பு நோய் ஜப்பானில் உள்ள அளவுக்கே குறைவாக இருந்தது. பிணைப்பு அறுந்தவர்களுக்குப் பல மடங்கு கூடியிருந்தது. உணவு, கொழுப்பு, புகை ஆகியவற்றை வைத்து அதை முழுதாக விளக்க முடியவில்லை. அப்படியானால் உறவு என்பதே உயிரோடு தொடர்புள்ள ஒன்றா? சைமின் இன்னொரு மாணவியான லிசா பெர்க்மன் இந்தக் கேள்வியை அலமீடா வினாத்தாள்களிடம் எடுத்துப் போனார். பதில்கள் ஏற்கெனவே எழுதப்பட்டு அலமாரியில் காத்திருந்தன.

30 முதல் 69 வயது வரையிலான 4,725 பேர். நான்கு வகை உறவுகள்: திருமணம், நண்பர்களும் உறவினர்களும், தேவாலய உறுப்பினர் நிலை, பிற சங்கங்களும் குழுக்களும். ஒன்பது ஆண்டுகளில் நடந்த இறப்புகளோடு வைத்துப் பார்த்தபோது, உறவு மிகக் குறைந்த ஆண்கள் உறவு மிகுந்த ஆண்களைப் போல் 2.3 மடங்கு இறந்திருந்தார்கள். பெண்களில் 2.8 மடங்கு. 1979இல் வந்த இந்தக் கட்டுரை பொதுச் சுகாதாரத்தில் ஒரு தனித் துறையையே திறந்துவிட்டது.

உடனே எழும் மறுப்பு ஒன்று உண்டு. நோயாளியைப் பார்க்க யார் வருகிறார்கள்? உடம்பு முடியாதவர் வெளியே போக மாட்டார், நண்பர்கள் குறைவார்கள், பிறகு இறப்பார். தனிமையால் அவர் சாகவில்லை, நோய்தான் இரண்டையும் கொண்டுவந்தது. பெர்க்மனும் சைமும் இதை எதிர்பார்த்தே இருந்தார்கள். 1965இல் ஒவ்வொருவரும் எவ்வளவு நலமாக இருந்தார் என்பதைக் கணக்கில் சேர்த்தார்கள். புகை, குடி, எடை, உடலுழைப்பு, வருமானம் எல்லாவற்றையும் சேர்த்தார்கள். வித்தியாசம் குறைந்தது, மறையவில்லை. இன்னொரு நுணுக்கம் எனக்குப் பிடித்தது. மணமாகாதவர்களுக்கு நண்பர்களும் உறவினர்களும் நிறைய இருந்தால், மணமாகியும் அவை குறைவாக உள்ளவர்களின் இறப்பு விகிதத்தோடு அவர்களுடைய விகிதம் சமமாகிவிட்டது. ஓர் உறவின் குறையை இன்னோர் உறவு ஈடு செய்கிறது. கல்யாணம் ஆகாதவர்களை எல்லா விசேஷ வீட்டிலும் வழிமறிக்கும் நம் பெரியவர்களிடம் காட்டலாம், கேட்க மாட்டார்கள்.

தேவாலயத்துக்குப் போவது பற்றி வில்லியம் ஸ்ட்ராபிரிட்ஜ் குழு 1997இல் தனியாக ஒரு கட்டுரை எழுதியது. 5,286 பேர், 28 ஆண்டு. அடிக்கடி போனவர்கள் குறைவாக இறந்தார்கள், குறிப்பாகப் பெண்கள். மதம் காப்பாற்றுகிறது என்று சிலர் இதைத் தூக்கிப் பிடித்தார்கள். கட்டுரையோ அடக்கமாகவே பேசியது: போனவர்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் புகையை விட்டார்கள், உடற்பயிற்சி கூட்டினார்கள், உறவுகளைப் பெருக்கினார்கள், மண வாழ்க்கையைத் தக்கவைத்தார்கள். பலனில் ஒரு பகுதி அந்த வழியாக வந்தது.

இதுவரை எல்லாம் மனிதரைச் சுற்றியே நின்றது: அவர் என்ன தின்கிறார், யாரோடு பேசுகிறார். 1987இல் மேரி ஹான், ஜார்ஜ் கப்லான், டெரி கமாச்சோ மூவரும் கேட்ட கேள்வி இவை எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது. அவர் எங்கே வசிக்கிறார்?

ஓக்லாந்தில் வசித்த, 35 வயதுக்கு மேற்பட்ட 1,811 பேரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நகரின் ஒரு பகுதியை மத்திய அரசே வறுமைப் பகுதி என்று அறிவித்திருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தவர்களையும் வெளியே இருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். வயது, இனம், பால் மூன்றையும் சமப்படுத்திய பிறகும், உள்ளே இருந்தவர்களின் இறப்பு 1.71 மடங்கு. சரி, அங்கே இருப்பவர்கள் ஏழைகள், அதனால்தானே என்று கேட்கலாம். வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். வேலையின்மையை, மருத்துவக் காப்பீட்டை, புகையை, குடியை, எடையை, தூக்கத்தை, தனிமையை, மனச்சோர்வை ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். இடத்தின் சுமை அசையவில்லை. அதாவது, ஒரே வருமானமும் ஒரே நல்ல பழக்கங்களும் கொண்ட இருவரில் கோட்டுக்கு உள்ளே இருந்தவர் அதிகம் இறந்தார். கேள்வியில் அடங்காத ஏதோ ஒன்று அந்தத் தெருக்களில் இருந்தது.

பத்தாண்டு கழித்து ஜான் லிஞ்சும் கப்லானும் சாரா ஷீமாவும் வறுமையைக் காலத்தின் போக்கில் அளந்தார்கள். 1965, 1974, 1983 ஆகிய மூன்று முறையும் ஒருவரின் வருமானம் என்ன, 1994இல் அவரால் தானாகக் குளிக்க, சமைக்க, நடக்க, தெளிவாக யோசிக்க முடிகிறதா? ஒரு முறை கஷ்டப்பட்டவர்களைவிட இரு முறை கஷ்டப்பட்டவர்கள் மோசம். மூன்று முறையும் கஷ்டத்திலேயே இருந்தவர்கள் மிகமிக மோசம். படிப்படியாக ஏறும் கோடு. நோயால் வேலை போய் ஏழையானார்களோ என்று பார்த்தார்கள். ஆரம்பத்தில் நல்ல உடல்நிலையில் இருந்தவர்களிடமும் அதே கோடு. மூன்று வினாத்தாள்களுக்கு இடையில் ஓடிய பதினெட்டு ஆண்டு வறுமை முதுமையில் முழங்காலிலும் நினைவிலும் வந்து நின்றது.

இந்த ஆய்வில் நம்மவர்கள் இருக்கிறார்களா? இல்லை என்றே சொல்லலாம். ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் கையெழுத்தானதே 1965இல்தான். அதற்கு முன் வந்த தமிழர்கள் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்கள். அவர்களில் ஒருவர் 1958இல் பெர்க்லிக்கு வந்து, பின்னாளில் மார்பகப் புற்றுநோய் ஆய்வாளரான சியாமளா கோபாலன் என்ற தமிழ்ப் பெண். அவருடைய மகள் கமலா ஹாரிஸ் 1964இல் ஓக்லாந்தில் பிறந்தார். இன்று அதே கவுண்டியின் ஃப்ரீமாண்டில் ஆசியர்கள்தான் பெரும்பான்மை. தமிழ்க் கடைகளும் தமிழ்ப் பள்ளிகளும் சகஜம். 6,928 பேரின் விடைகள் இவர்களுக்குப் பொருந்துமா என்பது நியாயமான ஐயம்.

அதற்கு ஓரளவு பதில் தருவது மசாலா என்ற செல்லப்பெயர் கொண்ட ஆய்வு. வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர் 906 பேரை 2010 முதல் 2013 வரை சேர்த்தார்கள். அவர்களில் 23 சதவீதம் பேருக்கு நீரிழிவு. ஒப்பிடப்பட்ட வெள்ளையர்களில் அது 6 சதவீதம், கறுப்பினத்தவரில் 18, லத்தீன் அமெரிக்கரில் 17, சீனரில் 13. படிப்பும் வருமானமும் உயர்ந்த சமூகத்தில் இந்த நிலை. அமெரிக்க அளவுகோலில் ஒல்லி என்று சொல்லத்தக்க உடம்பிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது. பழைய பட்டியலின் ‘சரியான எடை’ யாருடைய உடம்பை வைத்து வரையப்பட்டது என்ற கேள்வி இங்கே எழுகிறது.

ஹான் குழுவின் வறுமைப் பகுதிக் கோட்டுக்குத் திரும்புவோம். அந்தத் தெருக்களில் இருந்தது என்ன? 1937இல் மத்திய அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஓக்லாந்துக்கு ஒரு வரைபடம் போட்டது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதிகள் சிவப்பில். கறுப்பினத்தவர் வாழ்ந்த மேற்கு ஓக்லாந்து சிவப்பு. கடன் வராத இடத்தில் வீடு பழுதாகும், நிலம் மலிவாகும், மலிவான நிலத்தில் நெடுஞ்சாலை வரும். 1957இல் சைப்ரஸ் என்ற இரண்டடுக்கு மேம்பாலச் சாலை அந்தக் குடியிருப்பை நடுவில் பிளந்துகொண்டு ஓடியது. குன்றடிவாரத்தை ஒட்டிப் போகும் 580ஆம் எண் நெடுஞ்சாலையில் கனரக லாரிகளுக்கு 1960களிலிருந்து தடை. துறைமுகத்து லாரிகள் எல்லாம் ஏழைகள் வாழும் தாழ்வான பகுதி வழியே 880ஆம் எண் சாலையில்தான் போக வேண்டும். கலிஃபோர்னியாவின் எட்டு நகரங்களில் அந்தப் பழைய சிவப்புப் பகுதிகளை 2020இல் ஆராய்ந்தவர்கள், ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடிவருவது அங்கே 2.4 மடங்கு என்று கண்டார்கள். ஓக்லாந்தும் அந்த எட்டில் ஒன்று. வரைபடம் போட்டு எண்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

காற்றைத் தெருத்தெருவாக அளப்பது சமீபத்தில்தான் சாத்தியமானது. கூகுள் வீதிப்பட கார்கள் இரண்டில் கருவிகளைப் பொருத்தி ஓர் ஆண்டு முழுக்க ஓக்லாந்துத் தெருக்களில் திரும்பத் திரும்ப ஓட்டினார்கள்; ஜோஷுவா ஆப்தேயும் குழுவினரும் 2017இல் முடிவை வெளியிட்டார்கள். முப்பது மீட்டருக்கு ஓர் அளவு. ஒரே தெருத்துண்டுக்குள்ளேயே மாசு ஐந்து முதல் எட்டு மடங்கு மாறியது. நகரத்துக்கு ஓரிரண்டு கருவி வைத்து சராசரி சொல்லும் வழக்கம் எதை மறைக்கிறது என்று தெரிந்தது. அந்த அளவுகளை ஓக்லாந்துவாசிகள் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மருத்துவப் பதிவுகளோடு இன்னொரு குழு பொருத்திப் பார்த்தது. முதியவர்களிடம் தெருவின் மாசும் இதய நோயும் சேர்ந்தே கூடின. 2008இல் கவுண்டியின் சொந்தச் சுகாதாரத் துறையே ஓர் அறிக்கையில் கணக்குச் சொல்லியிருந்தது: மேற்கு ஓக்லாந்தில் பிறக்கும் கறுப்பினக் குழந்தை, ஓக்லாந்துக் குன்றுகளில் பிறக்கும் வெள்ளையினக் குழந்தையைவிட ஏறக்குறைய 15 ஆண்டு முன்னதாக இறக்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான்.

சைப்ரஸ் சாலைக்கு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். 1989 அக்டோபர் 17 நிலநடுக்கத்தில் மேலடுக்கு கீழடுக்கின் மீது விழுந்து 42 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் மறுபடி கட்டக் கூடாது என்று மக்கள் போராடினார்கள். சாலை மேற்கே துறைமுகப் பக்கமாகத் தள்ளிப் போனது. பழைய பாதையில் மரங்கள் நட்டு மண்டேலா பார்க்வே என்ற அகலமான தெரு வந்தது. 2019இல் இதை ஆராய்ந்த ரீகன் பேட்டர்சனும் ராபர்ட் ஹார்லியும், பழைய இடத்திலேயே நெடுஞ்சாலை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதோடு ஒப்பிட்டார்கள். அந்தத் தெருவோரம் நைட்ரஜன் ஆக்சைடு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைவு, கரித்துகள் கால் பங்கு குறைவு. வீட்டு விலை ஏறியிருந்தது. நெடுங்காலமாக அங்கே வாழ்ந்த கறுப்பினத்தவரின் எண்ணிக்கை குறைந்திருந்தது.

1965இல் தொடங்கிய ஆய்வுக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. வினாத்தாள் நிரப்பியவர் கவுண்டியை விட்டு, மாநிலத்தையே விட்டுப் போனாலும் புது முகவரியைத் தேடிப் பிடித்து அடுத்த தாளை அனுப்பியது. மண்டேலா பார்க்வே ஆய்வு அளந்தது தெருவை. நல்ல காற்று வருவதற்கு முன் முப்பது ஆண்டு டீசல் புகையைச் சுவாசித்து, நல்ல காற்று வந்தபின் வாடகை கட்ட முடியாமல் போனவர்கள் அந்தக் கணக்கில் வெறும் சதவீதக் குறைவாக மட்டுமே இருக்கிறார்கள்.